எள்ளு கொழிக்கிற கை: மச்சானோட எண்ணெய் லேபிளுக்கு படம் வரைஞ்ச அனுபவம்

போன செவ்வாக்கெழமை சிவகாசியில இருந்து லேபிள் பண்டல் வந்துச்சு, மொத்தம் 5,000. பிரிச்சு ஒண்ண எடுத்து பாட்டில்ல ஒட்டி அத்தை (மச்சானோட அம்மா) கையில குடுத்தேன். அவங்க பேரு, எழுத்து எதையும் பாக்கல, நேரா படத்துல இருக்கற கட்டைவிரலத்தான் பாத்தாங்க, "இப்ப சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு பாட்டில திருப்பி கீழ வச்சாங்க. அந்த ஒரு கட்டைவிரலுக்காக நாலு தடவ வரைஞ்சிருக்கேன், அதனால சூட்டோட சூடா எல்லாத்தையும் எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. இதே மாதிரி சின்ன மில்லு, ஊறுகாய், அப்பளம்னு வீட்டுத் தொழிலுக்கு லேபிள் பண்றவங்க யாருக்காச்சும் உதவும்.

நான் மதுரையில டிசைன் வேலை பாக்கறேன், கல்யாணப் பத்திரிக்கை, பிளெக்ஸ், விசிட்டிங் கார்டு, லேபிள் இப்படித்தான். அக்கா வீட்டுக்காரர் விருதுநகர் பக்கம் வாகை மரச்செக்கு போட்டு நல்லெண்ணெய் ஆட்டறாரு. முதல்ல கேன்ல ஊத்தி தெரிஞ்சவங்களுக்கு மட்டும் குடுத்துட்டு இருந்தாரு, கடைக்குப் போடலாம்னு ஆரம்பிச்சப்ப "மாப்ள, ஒரு லேபிள் போட்டுக் குடு"ன்னாரு. அவசரம், அடுத்த வாரமே வேணும்னாரு. நானும் இணையத்துல இலவசமா கெடைக்கற ஒரு வெக்டர் படத்த எடுத்தேன், ரெண்டு மாடு, செக்கு, தலப்பா கட்டுன ஒரு பெரியவர், பின்னால சூரியன். ஒரு ராத்திரியில லேபிள் முடிஞ்சிருச்சு. 12க்கு 18 இஞ்ச் குரோமோ (பளபளப்பு பேப்பர்) ஸ்டிக்கர் ஷீட்ல நாலு லேபிள் நிக்கும், 125 ஷீட், ஷீட்டுக்கு ₹25, ஆகமொத்தம் 500 லேபிளுக்கு ₹3,125 ஆச்சு.

ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அருப்புக்கோட்டையில இருந்து ஒரு அம்மா மில்லுக்கே வந்துட்டாங்க, கையில பாட்டிலோட. "இந்த தடவ எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதுப்பா"ன்னு மச்சான்கிட்ட நீட்டறாங்க. வாங்கிப் பாத்தா அது எங்க பாட்டிலே இல்ல. வேற எங்கயோ ஆட்டுன எண்ணெய், ஆனா லேபிள்ல அதே ரெண்டு மாடு, அதே தலப்பா, சூரியன் மட்டும் இடது பக்கத்துக்கு மாறியிருந்துச்சு. அந்த லேபிள் போட்டவங்க மேல தப்பு சொல்ல முடியாது, அந்தப் படத்த யார் வேணும்னாலும் எடுக்கலாம், நானும் அப்படித்தானே எடுத்தேன். அந்தம்மா மேலயும் தப்பு இல்ல, நம்ம ஊர்ல எண்ணெய், தீப்பெட்டி, சீயக்காய் எல்லாமே மார்க் சொல்லித்தான் கேட்டு வாங்குவாங்க, "மாடு போட்டது குடுங்க"ன்னு கேட்டிருக்காங்க, கடைக்காரரு ரெண்டு மாடு போட்டத குடுத்துட்டாரு. 310 லேபிள் ஒட்டியாச்சு, மிச்சம் 190 இன்னும் என் அலமாரியில கெடக்கு.

இன்னொரு விஷயமும் அப்பத்தான் உறைச்சுது. எங்க செக்குல மாடே கெடையாது, மோட்டார்ல ஓடுது. இல்லாத மாட்ட போட்டு வித்திருக்கோம்.

அடுத்து நான் பண்ணதும் தப்புதான். ஏஐ-ல போட்டுப் பாத்தேன், ஒரு சாயங்காலத்துல அறுபது எழுபது படம் எடுத்திருப்பேன். செக்கு கேட்டா தயிர் கடையற மத்து மாதிரி ஒண்ணு வருது, இல்லேன்னா பெரிய உரல். சொளவு (முறம்) கேட்டா தட்டு வருது, அந்த தட்ட புடிச்சிருக்கற கை விரல் தட்டுக்கு நடுவுல பூந்து போகுது. எள்ளு எல்லாத்துலயும் அரிசி மாதிரியே இருந்துச்சு. தூரத்துல இருந்து பாத்தா பளபளன்னு அழகாத்தான் இருக்கு, ஆனா எள்ளுக்காரங்க வீட்ல ஒருத்தர்கிட்ட காட்டுனா ரெண்டு செகண்ட்ல "இது என்னது?"ன்னு கேட்டுருவாங்க. அத விட்டேன்.

மச்சான் போட்டோ போட்டுரலாம்னாரு. எடுத்தும் பாத்தோம். மில்லுக்குள்ள வெளிச்சம் கம்மி, எள்ளு கருப்பு, கருப்பட்டி கருப்பு, செக்கு எண்ணெய் குடிச்சு கருப்பு, சின்னதாக்கி பிரிண்ட் போட்டா கரிக்கட்டை மாதிரி இருந்துச்சு. அப்ப மச்சான்கிட்ட கேட்டேன், சின்ன வயசுல பெயிண்ட் கடை சுவத்துல ஒரு பையன் பிரஷ் வச்சுட்டு நிப்பானே ஞாபகம் இருக்கான்னு. உடனே "தலமுடி நெத்தியில விழுந்து கெடக்குமே, அவன்தானே"ன்னாரு. ஏசியன் பெயிண்ட்ஸுக்காக கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் 1954-ல வரைஞ்ச பையன் அது, பேரு 'கட்டு' (Gattu). கம்பெனி அவன எடுத்துட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, மச்சானுக்கு அந்த நெத்தி முடி வரைக்கும் மறக்கல. அதுக்கப்புறம் போட்டோ பேச்சே எடுக்கல, "சரி வரை, எத்தன நாள் ஆகும்?"னு மட்டும் கேட்டாரு. 10 நாள்னு சொன்னேன். 5 வாரம் ஆச்சு.

மொத ரெண்டு ஞாயித்துக்கெழமை மில்லுலயே உக்காந்தேன், ஒரு பென்சில், ஒரு ஸ்கெட்ச் புக், வேற ஒண்ணும் இல்ல. போன் இருக்கு, வீடியோவும் எடுத்தேன், ஆனா உக்காந்து வரையும்போதுதான் கண்ணு எங்க போகுதுன்னு தெரியுது. எனக்கு செக்க விட அத்தை மேலதான் கண்ணு போச்சு. மச்சானோட அம்மா, தினம் காலையில எள்ளு மூட்டை பிரிச்ச உடனே சொளவ எடுத்துட்டு வாசல்ல உக்காந்திருவாங்க. மெஷின் சல்லடை இருக்கு, இருந்தாலும் ஆட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ அவங்க கை படாம எள்ளு செக்குக்குள்ள போகாது. நம்ம லேபிள்ல மாட்டுக்கு பதிலா வர வேண்டியது இதுதான்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

ஏ3 கார்ட்ரிட்ஜ் பேப்பர்ல மொத படம் வரைஞ்சேன். அத்தை முழுசா உக்காந்திருக்காங்க, கையில சொளவு, பக்கத்துல எள்ளுக் குவியல், கருப்பட்டி, பின்னால செக்கு. 0.3 பேனாவுல சேலை மடிப்பு, சொளவோட பின்னல் ஒவ்வொண்ணும், எள்ளு கிட்டத்தட்ட 600. மூணு ராத்திரி ஆச்சு, பேப்பர்ல பாக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அத ஸ்கேன் பண்ணி லேபிள் அளவுக்கு சின்னதாக்கி பிரிண்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. படம் ஏ3-ல 26 செ.மீ. அகலம், லேபிள்ல அதுக்கு கெடைக்கற எடம் 6.5 செ.மீ., நாலுல ஒரு பங்கு. அப்ப 0.3 மி.மீ. கோடு 0.075 ஆயிடும், பிரிண்ட்ல அது கோடாவே நிக்காது, அங்கங்க அறுந்து போயிருந்துச்சு. அத்தை முகம் 7 மி.மீ., கண்ணு ஒரு புள்ளி. சொளவு பின்னல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அடைச்சு சாம்பல் கலர் திட்டு ஆயிடுச்சு.

இதுக்கு வழி கெடைச்சது தாத்தாவோட தகர டப்பாவுல. அவரு பழைய தீப்பெட்டி லேபிள் சேத்து வச்சிருந்தாரு, நானும் அத அப்பப்ப எடுத்துப் பாத்து மூடி வச்சிருவேன், உபயோகமா பாத்ததில்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய் தீப்பெட்டி தொழில் கத்துட்டு வந்து அடுத்த வருஷம் சிவகாசியில ஆரம்பிச்சாங்க, அந்த பெட்டிக்கு லேபிள் அடிக்கணுமேன்னுதான் ஊருக்குள்ள அச்சகமும் வளர ஆரம்பிச்சுது. அந்த லேபிள பத்து மடங்கு லூப் வச்சு பாத்தேன். ரெண்டு கலர், மிஞ்சுனா மூணு. ஒரு மயிலு, ஒரு கிளி, ஒரு விளக்குன்னு ஒரே ஒரு பொருள்தான் இருக்கும். சுத்தி கருப்பு கோடு நல்லா தடிமனா போட்டிருக்காங்க, அது அழகுக்கு மட்டும் இல்ல, கலர் அரை மில்லி நகந்து விழுந்தாலும் அந்த கோட்டுக்கு அடியில மறைஞ்சிடும், வெள்ளை இடைவெளி தெரியாது. பெரும்பாலும் படிக்கத் தெரியாதவங்க வாங்கற பொருள், மங்குன வெளிச்சத்துல கை நீட்டி "கிளி குடு"ன்னு கேக்கணும், அதுக்காகவே வரைஞ்சது.

ரெண்டாவது படத்துல அத்தை முகம், செக்கு, குவியல் எல்லாத்தையும் எடுத்துட்டேன். ரெண்டு கை, ஒரு சொளவு, எள்ளு, ஓரத்துல ஒரு வட்டு கருப்பட்டி. அவ்வளவுதான். கருப்பட்டி போட்டு ஆட்டறதுதான் எங்க எண்ணெயோட ருசி, அத விட முடியாது.

இதுக்கு நடுவுல மச்சானுக்கு இன்னொரு ஆசை. சாமி ரூம்ல கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்ச பழைய காலண்டர் படம் ஒண்ணு பிரேம் போட்டு இருக்கு, அது மாதிரி நெழலு வெளிச்சம் எல்லாம் வச்சு பண்ணலாமான்னாரு. அந்த படம் எவ்வளவு நேரம் பாத்தாலும் அலுக்காது, அம்மன் கன்னத்துல ரோஸ் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியாது, ஆனா அது சுவத்துல தொங்கறதுக்கு வரைஞ்சது. ஆசைக்கு ஒரு கைய மட்டும் வாட்டர்கலர்ல பண்ணி 6.5 செ.மீ.க்கு எறக்கிக் காட்டினேன், தோல் கலரும் சொளவு கலரும் ஒண்ணாக் கலந்து மண்ணு மாதிரி ஆயிடுச்சு. அவரே வேணாம்னுட்டாரு.

இப்ப கட்டைவிரல் கதை. ரெண்டாவது படத்த அத்தைகிட்ட காட்டுனப்ப ஒரு நிமிஷம் பாத்துட்டு, "இது யாரு புடைக்கிறது?"ன்னாங்க. நீங்கதான்னேன். "நான் எள்ள எங்க புடைக்கிறேன், கொழிக்கிறேன்ல"ன்னு சொளவ எடுத்து செஞ்சே காமிச்சாங்க. புடைக்கும்போது தானியத்த மேல தூக்கிப் போடணும், அதனால கட்டைவிரல் விளிம்பு மேல இறுக்கி அமுத்தியிருக்கும், மணிக்கட்டு மடங்கும். கொழிக்கும்போது சொளவ லேசா தன் பக்கம் சாச்சு பக்கவாட்டுல ஆட்டுவாங்க, எள்ளு ஒரு பக்கம் நழுவும், மண்ணும் பொடிக்கல்லும் பின்தங்கும். அதுல கட்டைவிரல் அமுத்தாது, விளிம்பு மேல சும்மா படுத்திருக்கும். நான் வீடியோவுல நூறு தடவ பாத்திருக்கேன், ஆனா வரையும்போது என் மனசுல இருந்த "சொளவு புடிக்கற கை"யத்தான் வரைஞ்சிருக்கேன், அத்தை கைய இல்ல.

அன்னிக்கே இன்னொண்ணும் காமிச்சாங்க. "இதுல எங்கடா இம்புட்டு பின்னல் தெரியுது?"ன்னு சொளவ கையில குடுத்தாங்க. வாங்கிப் பாத்தா உண்மைதான். அந்த சொளவுக்கு வருஷா வருஷம் பேப்பர ஊறப்போட்டு வெந்தயத்தோட அரைச்சு பூசுவாங்க, ஓட்டை அடைபட்டு எள்ளு சிந்தாம இருக்கறதுக்கு. நடுப்பகுதி முழுக்க வழவழன்னு ஒரே பூச்சு, மூங்கில் பின்னல் தெரியறது விளிம்பு ஓரமா ரெண்டு விரல் அகலத்துக்கு மட்டும்தான், அதுவும் பூச்சு உதிர்ந்த எடத்துல. நான் ரெண்டு வாரமா எந்த பின்னல் அடைச்சுப் போகுதுன்னு மண்டைய ஒடச்சுட்டு இருந்தேனோ அந்த பின்னல் அங்க இல்லவே இல்ல. நடுவுல வெள்ளையா விட்டுட்டு ஓரத்துல மட்டும் ஒரு பதினஞ்சு கோடு போட்டேன், படம் மூச்சு விட ஆரம்பிச்சுது. எள்ளும் 600-ல இருந்து 40-க்கு வந்துச்சு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் பெரிசா, ஒரு முனை கூர்ப்பா, அப்பதான் அரிசி மாதிரி இல்லாம எள்ளு மாதிரி தெரியும்.

மூணாவது படத்துல விரல் சரியாச்சு ஆனா நகம் ரொம்ப சின்னப்பொண்ணு நகம் மாதிரி இருந்துச்சு, நாலாவதுல முடிஞ்சுது. இங்க் பண்ணதுக்கு பிரஷும் 1.2 பேனாவும், எந்த கோடும் பேப்பர்ல 1.2 மி.மீ.க்கு கீழ போகக்கூடாதுன்னு வச்சுக்கிட்டேன், அப்பத்தான் லேபிள்ல 0.3 நிக்கும்.

ஸ்கேனர் ஏ4 தான் இருக்கு, ரெண்டு பாதியா 600 டிபிஐ-ல எடுத்து ஒட்டினேன். இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல ட்ரேஸ் (ஸ்கேன தானாவே கோடா மாத்தறது) போட்டா பதினோராயிரம் நோட் (கோட்ட வளைக்கற புள்ளி) வந்துச்சு, சிம்ப்ளிஃபை குடுத்தா நோட் கொறையுது, கூடவே அந்த கட்டைவிரலும் வாழைப்பழம் மாதிரி ஆயிடுது. ட்ரேஸ தூக்கிப் போட்டுட்டு பென் டூல்ல கையாலயே மேல வரைஞ்சேன், ரெண்டு ராத்திரி போச்சு. இங்க்ஸ்கேப் ஆர்ஜிபியிலதான் (ஸ்கிரீனுக்கான கலர்) வேலை செய்யும், அதனால ஸ்க்ரைபஸ்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல கொண்டுபோய் அங்க சிஎம்ஒய்கே (அச்சுக்கான நாலு மை) கலர் குடுத்து பிடிஎஃப் எடுத்தேன். கோடு எல்லாம் கருப்பு 100 மட்டும், ஓவர்பிரிண்ட், அதாவது மத்த கலர் மேலயே கருப்பு விழும். நாலு கலரையும் கலந்து வர்ற கருப்ப மெல்லிசு கோட்டுக்கு குடுத்தா கொஞ்சம் நகந்தாலும் ஓரத்துல செவப்பும் நீலமும் எட்டிப் பாக்கும். கருப்பட்டி கலர்தான் படுத்துச்சு, மொத ரெண்டு புரூஃப்லயும் (மாதிரி பிரிண்ட்) ஈரல் கலர்ல இருந்துச்சு, நீலத்த சுத்தமா எடுத்துட்டு மெஜந்தா 60, மஞ்சள் 80, கருப்பு 50 வச்சப்பதான் கருப்பட்டி ஆச்சு.

லேபிள் பொருள்லயும் ஒரு தடவ அடி வாங்கினேன். டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர்ல அடிச்சா எண்ணெய் தெரியும், அழகா இருக்கும்னு நெனச்சு ஒரு ஷீட் சாம்பிள் போட்டேன். காலி பாட்டில்ல அருமையா இருந்துச்சு, எண்ணெய் ஊத்துன உடனே வெள்ளையா விட்ட எடம் எல்லாம் எண்ணெய் கலராயிடுச்சு, கையும் சொளவும் காணோம். அடியில வெள்ளை மை அடிச்சா சரியாகும்னாங்க, அதுக்கு தனி ரேட்டு. வெள்ளை பிபி (பிளாஸ்டிக்) ஸ்டிக்கருக்கே போயிட்டேன், குரோமோ பேப்பர் மாதிரி எண்ணெய் குடிச்சு கறை ஆகாது. சோதனைக்கு 125 ஷீட் டிஜிட்டல்ல போட்டது ஷீட் ₹38 வீதம் ₹4,750, லேபிள் ஒண்ணு ₹9.50. அதே டிசைன் இப்ப சிவகாசியில 5,000-மா ஆப்செட்ல அடிச்சது ஒண்ணு ₹3.20, மொத்தம் ₹16,000. அந்த 500-ல தப்பு இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் 5,000-க்கு போனோம், அது நல்ல முடிவு.

உயரத்துலயும் தப்பு விட்டேன், பாட்டில் மேல் பக்கம் குறுகறத பாக்காம 11 செ.மீ. வச்சேன், மேல் ஓரம் சுருங்கி நின்னுச்சு, 9-ஆக்கினேன். அப்புறம் சட்டப்படி போட வேண்டியது இருக்கே, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) நம்பர், சைவம்னு காட்ட பச்சை கட்டத்துக்குள்ள பச்சை வட்டம், நிகர அளவு 1 லிட்டர் (910 கிராம்), எம்ஆர்பி, பேட்ச், பேக் பண்ண மாசம், முகவரி, புகாருக்கு போன் நம்பர், சத்து அட்டவணை. இது எல்லாம் 25 செ.மீ. லேபிள்ல பாதிக்கு மேல தின்னுடும். அடுத்த தடவ முதல்ல இத கட்டம் போட்டு ஒதுக்கிட்டு மிச்சம் எவ்வளவுன்னு பாத்துட்டுத்தான் பென்சில எடுப்பேன், அப்படி பண்ணியிருந்தா மொத மூணு ராத்திரி மிச்சமாயிருக்கும்.

என் நேரம் குறிச்சு வச்சேன். மில்லுல 9 மணி நேரம், பென்சில் 14, இங்க் 8, கம்ப்யூட்டர் 11, புரூஃப் அலைச்சல் 4, ஆக 46. பேப்பர், மை, பேனா ₹640. மச்சான்கிட்ட ₹15,000 வாங்கினேன். சொந்தத்துல காசு வாங்கலாமான்னு அம்மா கேட்டாங்க, மச்சானே "எள்ளு மூட்டைக்கு குடுக்கறேன், மோட்டார் கட்டுனவருக்கு குடுத்தேன், இதுக்கு ஏன் குடுக்கக் கூடாது"ன்னுட்டாரு. எழுத்துலயும் போட்டுக்கிட்டோம், படத்தோட உரிமை மில்லுக்கு, எத்தன வருஷம், எந்தெந்த நாடுன்னு தெளிவா. காப்பிரைட் சட்டத்துல அத எழுதாம விட்டா 5 வருஷம்னும் இந்தியாவுக்குள்ள மட்டும்னும்தான் எடுத்துக்குவாங்க. டிரேட்மார்க்கும் படத்தோடயே போட்டாச்சு, சமையல் எண்ணெய் 29-ஆவது வகுப்புல வருது, உத்யம் (சிறுதொழில்) பதிவு இருக்கறதால ஆன்லைன்ல ₹4,500. அந்த மாட்டுப் படத்த வச்சு இத பண்ணியிருக்க முடியாது, ஊருக்கே பொதுவான படத்த நம்மதுன்னு எப்படிக் கேக்கறது.

விற்பனை கூடுச்சான்னா, சோதனை லேபிள் கடைக்குப் போனது தீபாவளி மாசம், எண்ணெய் எப்படியும் போகும், அதனால படத்தால எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல மாட்டேன். கண்ணால பாத்தத சொல்றேன். ஒரே படம் 15 கிலோ டின்னுல ஒத்தக் கலர் ஸ்கிரீன் பிரிண்டா நிக்குது, துணிப்பைக்கு ₹350-ல ரப்பர் ஸ்டாம்ப் ஆச்சு, 200 மி.லி. பாட்டிலுக்கு கையையும் எள்ளையும் மட்டும் வெட்டி எடுத்தேன், அப்பவும் தெரியுது. கடையில "சொளவு எண்ணெய்"னு கேக்கறாங்கன்னு மச்சான் சொல்றாரு. அருப்புக்கோட்டை அம்மாவும் வந்து வாங்கிட்டுப் போனாங்க, லேபிள பாத்துட்டு அத்தைகிட்ட "இது ஒங்க கையா?"ன்னு கேட்டாங்களாம்.

அடுத்து கடலை எண்ணெய். அதுக்கும் சொளவே போட்டுரலாம்னு மச்சான் சொன்னாரு, அத்தை ஒத்துக்கல, கடலைக்கு வேலை வேற, உடைச்சு தோல ஊதணும், கை இப்படி இருக்காதுங்கறாங்க. வர்ற ஞாயித்துக்கெழமை ஸ்கெட்ச் புக்கோட போறேன். அந்த பாட்டில் வேற, சுத்தளவு 24.3 செ.மீ., அடியிலயும் தோள்கிட்டயும் ரெண்டு எடத்துல அளந்து நோட்டுல எழுதியாச்சு, எஃப்எஸ்எஸ்ஏஐ கட்டமும் மொதல்லயே போட்டாச்சு.